அண்ணன் கடைப் பிரிண்டரின் விலாசம்

எங்கள் திருப்புறம் ஊர்க்காரர்களுக்கு விலாசம் மாறுவது புதிதல்ல. திருவிதாங்கூரில் பிறந்த எங்கள் தாத்தா 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர் ஆனார். 1956 நவம்பர் 1-இல் பக்கத்து விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரையோடு சேர்ந்து கேரளக்காரரும் ஆனார். இத்தனைக்கும் மனிதர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணன் கடைப் பிரிண்டரும் அவர் வம்சம்தான். மேசையை விட்டு நகராது. கரண்டு போய் வந்தால் விலாசம் மாறியிருக்கும்.

ஜெராக்ஸ் கடை. மழைக்காலத்தில் கரண்டு சொல்லிக்கொண்டு போவதில்லை. திரும்ப வந்ததும் ரவுட்டர் கண்விழித்து, முதலில் வந்து கேட்பவருக்கு விலாசமாக ஒரு எண்ணை எடுத்து நீட்டும். இந்தத் தானத்துக்கு டிஎச்சிபி என்று பெயர். நேற்று பிரிண்டரிடம் இருந்த 192.168.1.104, இன்று கடை வைஃபையில் சினிமாப் பாட்டு பார்க்கும் பையனின் போனில். கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? ஒரு பாட்டியின் பென்ஷன் விண்ணப்பத்தை அந்தப் போனுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். போன் என்ன, அச்சா அடிக்கும்?

“எடே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. நீ வந்துட்டுப் போன பொறவாக்கும் இப்பிடி” என்றார் அண்ணன். குடும்பத்தில் ஒருவன் கம்ப்யூட்டர் படித்திருந்தால் எல்லாப் பழியும் அவனுக்குத்தான்.

எண்ணின் கடைசிப் பகுதியில் ரவுட்டர் 100 முதல் 199 வரை பங்கு வைக்கிறது. அதற்கு வெளியே 50-ஐப் பிரிண்டருக்கு நிரந்தரமாக்கினேன். பிரிண்டரில் இருப்பதோ தீப்பெட்டி அளவு திரை, இரண்டே பொத்தான். 9 வேண்டுமென்றால் ஒன்பது அமுக்கு. ஒன்று கூடினால் மறுபடி பூஜ்யம். பாட்டி ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு அமுக்குக்கும் பெருமூச்சு விட்டார். கம்ப்யூட்டரிலும் அதே எண்ணைச் சொல்லிவைத்ததும் விண்ணப்பம் வந்து விழுந்தது.

192.168 என்று தொடங்கும் எண்கள் 1994-இல் யார் வேண்டுமானாலும் உள்ளே வைத்துக்கொள்ள ஒதுக்கப்பட்டவை. சிகாகோவில் ஒரு வீட்டிலும் இதே 50 இருக்கலாம், சண்டை வராது. மதிலுக்கு வெளியே அதற்கு மதிப்பில்லை.

இதைத்தான் சார்ஜா மாமாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. “எனக்க வீட்டு கேமராவுக்கும் ஒரு நம்பர் போடுடே. தேங்கா வெட்டுகத இங்கேருந்தே பாக்கணும்.” அவர் கேட்பது வெளி எண். நான்கு பகுதி எண்கள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடி. ஆசிய-பசிபிக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் பல வீடுகளை ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் அடைத்துவைக்கிறார்கள். தனி எண்ணுக்குப் பெரும்பாலும் தனிக் காசு. காசு என்றதும் மாமாவின் லைன் கட்டாகிவிட்டது.

நீங்கள் பிரிண்டருக்கு எண் போடுமுன், ரவுட்டர் பங்கு வைப்பது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ரவுட்டரிலேயே பிரிண்டரின் மேக் எண்ணை, அதாவது அதன் பிறவி அடையாள எண்ணைக் கொடுத்து ஒதுக்கிவைக்கும் வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள், விரல் பிழைக்கும்.