தலை போனால் என்ன?

கேள்வி: தலையை வெட்டினாலும் தட்டைப்புழுவுக்குப் புது மூளை முளைக்குமாமே! வெட்டுப்பட்ட இடத்துக்கு, 'இங்கே தலை, அங்கே வால்' என்று யார் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகி, பரங்கிப்பேட்டை

பதில்: நன்னீரில் வாழும் பிளனேரியா என்னும் தட்டைப்புழுவுக்குத் தலை போகிற காரியம் என்று ஒன்றே கிடையாது! உடலெங்கும் உள்ள நியோபிளாஸ்ட் என்னும் ஸ்டெம் செல்கள்தான் புது உறுப்புகளைக் கட்டுகின்றன. எதை, எங்கே என்று சொல்பவை சமிக்ஞைப் புரதங்கள். அவற்றில் பல, தசைச் செல்களிலிருந்து வருகின்றன. 'வின்ட்' என்னும் சமிக்ஞைப் புரதம் ஓங்கிய இடத்தில் வால், அடங்கிய இடத்தில் தலை. வின்ட்டின் செய்தியைச் செல்லுக்குள் கொண்டு செல்லும் பீட்டா-கேட்டனினை 2008-ல் ஒடுக்கிப் பார்த்தார்கள். வால் வரவேண்டிய இடத்தில் இன்னொரு தலை வந்தது.

மூளைக்கு எல்லை போடவும் ஆள் உண்டு. ஜப்பானில் விஞ்ஞானிகள் 2002-ல் 'நௌ-தராகே' என்ற ஜீனை ஒடுக்கியபோது, தலையைத் தாண்டியும் மூளைத் திசு பரவியது. 'உடம்பெல்லாம் மூளை' என்று புகழ்வோமே, அது நிஜமாகவே நடந்தது!

எல்லாம் ஒழுங்காக நடந்தால், ஓரிரு வாரத்தில் புது மூளை பொறுப்பேற்று, புழு மறுபடி வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும். பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்திலும் இந்தப் புழுவை ஆராய்கிறார்கள்.

வின்ட் நம் உடம்பிலும் உண்டு. ஆனால் நம் மூளை இப்படி முளைக்காது. சிதம்பரம் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் பறக்கும் தம்பிகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.