ஈயம் பூசிய கார்களும் ஈய எழுத்துக் கார்டுகளும்

லாஸ் ஏஞ்சல்ஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலை என்று அம்மா போனில் சொன்னாள். கூடவே, உங்கள் மருமகன் அமெரிக்காவில் குப்பை பொறுக்குகிறான் என்று உங்களிடம் புலம்பியதையும் சொன்னாள். நான் பொறுக்குவது விசிட்டிங் கார்டு. அதிலும் கண்ட கார்டையும் தொடுவதில்லை. 1940-களிலிருந்து 60-கள் வரை இந்தப் பக்கத்தில் காரை அறுத்து ஒட்டிக்கொண்டிருந்த பட்டறைகளின் கார்டு மட்டும்தான். அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சிவகாசியில் டிரெடில் அச்சு மிஷின் ஓட்டிய மனுஷர் நீங்கள், உங்களுக்குப் புரியும்.

காரை அறுப்பது என்றால் நிஜமாகவே ரம்பம் போட்டு அறுப்பது. கம்பெனி செய்து அனுப்பிய மெர்குரி காரின் கூரை இவர்கள் கண்ணுக்கு உயரமாகத் தெரியும். கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கிப் பற்றவைப்பார்கள். இதற்கு 'சாப்' என்று பெயர். வண்டி அழகாகிவிடும், ஆனால் உள்ளே இருப்பவருக்கு சிக்னல் விளக்கு தெரியாது. அதைக் காட்ட டேஷ்போர்டில் ஒரு கண்ணாடி வில்லையை வைத்துக்கொள்வார்கள். கதவுக் கைப்பிடியைப் பிடுங்கிவிட்டு, மறைவாக ஒரு மின்சாரப் பட்டனை வைப்பார்கள். பாட்டரி செத்தால் சொந்தக்காரனே தன் காருக்குள் திருடன் மாதிரி நுழைய வேண்டும். இத்தனைக்கும் காசு கொடுத்துச் செய்துகொண்டார்கள், மாமா. நம்மூர் ஆர்.டி.ஓ. பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்.

கைப்பிடி போன ஓட்டையையும் வெட்டிய மூட்டையும் எதை வைத்து அடைத்தார்கள் தெரியுமா? ஈயம். உருக்கிப் பூசி, அரம் போட்டு இழைத்து, மேலே பெயின்ட். அதனால்தான் அந்தக் கார்களுக்கு இன்றும் 'லெட் ஸ்லெட்' என்று பெயர். நீங்கள் ஈய எழுத்தைக் கோத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் ஈயத்தைப் பூசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் எழுத்தை ஆஃப்செட் விழுங்கியது. இவர்கள் ஈயத்தைப் பிளாஸ்டிக் பட்டி விழுங்கியது.

இந்தத் தொழிலின் பெரிய தலை ஜார்ஜ் பாரிஸ். 1966-ல் டி.வி.யில் வந்த பேட்மேன் காரைச் செய்தவர்; 1955-ல் லிங்கன் கம்பெனி கண்காட்சிக்காகச் செய்த ஃபியூச்சுரா என்ற காரைத்தான் அப்படி மாற்றினார். 'கஸ்டம்' என்று பலகை எழுதும்போது சி போட வேண்டிய இடத்தில் கே போட்டார். நம்மூராக இருந்தால் எண்கணித ஜோசியர் கைங்கரியம் என்றே முடிவு கட்டியிருப்போம். லின்வுட்டில் இருந்த அவர் பட்டறை 1957 டிசம்பரில் தீப்பிடித்தது. பிறகு நார்த் ஹாலிவுட்டுக்கு மாறினார். ஆக, கார்டில் எந்த ஊர் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி ஜாதகம் வந்துவிடும்.

மீதிப் பாதிதான் எனக்கு வெறி பிடித்த இடம். இந்தக் கார்டுகளில் யாரும் வருடம் போடுவதில்லை. நாமே கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலத்து போன் நம்பர் இரண்டு எழுத்தில் தொடங்கி ஐந்து இலக்கத்தில் முடியும். அப்படி இருந்தால் அநேகமாக 60-களுக்குப் பிந்தியது இல்லை. ஊர்ப் பெயருக்குப் பிறகு 'லாஸ் ஏஞ்சல்ஸ் 22' என்கிற மாதிரி ஒற்றை, இரட்டை இலக்கம் நின்றால் அது 1943-ல் வந்த தபால் மண்டலம். ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963 ஜூலைக்கு முன்னால் அச்சடித்திருக்க முடியாது. நார்த் ஹாலிவுட் கார்டில் ஏரியா கோடு 213 என்றால் 1984-க்கு முந்தியது. 818 என்றால் பிந்தியது, எனக்கு வேண்டாம். மூன்று இலக்க போன் நம்பரையும் 'தந்தி' என்ற வரியையும் பார்த்து எந்தக் காலத்து பில் புத்தகம் என்று நீங்கள் சொல்வீர்களே, அதே வித்தைதான். உங்களிடம் பார்த்ததை இங்கே விற்றுப் பிழைக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் அயாலா சகோதரர்கள் இருவர் அற்புதமான கார்கள் செய்தார்கள். கடைப் பெயரோ 'கில்ஸ் ஆட்டோ பாடி ஒர்க்ஸ்', அதாவது நம்ம டிங்கரிங் பட்டறை. பல கார்டுகளில் முதல் வரியே பாடி, ஃபெண்டர் வேலைதான். கூரை வெட்டுவதெல்லாம் அடியில் பொடி எழுத்தில். இடித்த வண்டியை நிமிர்த்திய காசில் அரிசி வாங்கிவிட்டு, மிச்ச நேரத்தில் கலை வளர்த்திருக்கிறார்கள். இதைப் பத்திரிகைகள் பளபளப்பாக எழுதாது. கார்டு ஒளிக்காமல் சொல்லிவிடும். கார் சங்கத்துப் பையன்கள் தனியாக ஒரு கார்டு வைத்திருந்தார்கள். சாலையில் நின்றுபோன வண்டிக்கு உதவிவிட்டு, 'உங்களுக்கு உதவியது இந்தச் சங்கத்து உறுப்பினர்' என்று அச்சடித்ததை நீட்டுவார்களாம். போலீஸிடம் கெட்ட பேர் வாங்கியிருந்த பிள்ளைகள், பாவம், நல்ல பேரை அட்டையில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

போமோனாவில் பழைய கார் சந்தை கூடும். விடியுமுன் டார்ச் அடித்துக்கொண்டு சுற்றுவோம். மற்றவர்கள் இன்ஜின் தேடுவார்கள். நான் ஸ்பார்க் பிளக் வாளிக்கு அடியில் கை விடுவேன். விற்கிற தாத்தாக்களுக்கு என் மீது இரக்கம் அதிகம். 'உன்னிடம் என்ன கார்?' என்று கேட்பார்கள். டொயோட்டா என்றதும் பேச்சு நின்றுவிடும்.

போலியும் உண்டு. நல்லவேளை, அச்சு தெரியாதவர்கள் போலி அடிக்கிறார்கள். இப்போது லெட்டர்பிரஸ் என்றால் எழுத்து அட்டைக்குள் குழியாக இறங்க வேண்டும் என்று ஒரு மோகம். அட்டையின் முதுகு புடைக்கும்படி அடித்தால் நீங்கள் மிஷின்மேன் தலையில் குட்டுவீர்களே! அந்தக் காலத்து அச்சுக்காரர்களும் அப்படித்தான், தொட்டும் தொடாமலும் அடித்தார்கள். ஆழமாகக் குழிந்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் சந்தேகமே இல்லை, கம்ப்யூட்டர் பிரின்டர்தான்.

'கார்டு வாங்குகிற காசில் அந்தக் காரையே வாங்கலாமே' என்கிறாள் அம்மா. பாரிஸ் பட்டறையில் 1952-ல் மாற்றிய ஹிரோஹாட்டா மெர்குரி 2022 ஜனவரி ஏலத்தில் கமிஷன் நீங்கலாக 19.5 லட்சம் டாலருக்குப் போனது. ரூபாயில் பெருக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஒரு காலத்தில் அதை யாரோ 500 டாலருக்கு வாங்கியிருக்கிறார். மேலும் அந்தக் கார்கள் நிறம் மாறி, பழுதாகி, மறுபடி புதுப்பித்து வந்தவை; எது பழசு, எது புதுசு என்று சொந்தக்காரருக்கே குழப்பம். என் கையில் இருக்கிற மூன்றரைக்கு இரண்டு அங்குல அட்டை அன்று மிஷினிலிருந்து வந்த அதே அட்டை, கிரீஸ் கறை உட்பட. அந்த விஷயத்தில் காரைவிடக் கார்டு உசத்தி என்பேன்.

கடைசியாக ஒரு வேண்டுதல். உங்கள் பரணில் சாம்பிள் கார்டு ஆல்பம் ஒன்று இருந்தது. டிங்கரிங் பட்டறை, லாரி ஆபீஸ், பெயின்டர் என்று ஒவ்வொன்றும் பிள்ளையார் சுழியோடு ஒட்டியிருப்பீர்கள். பொங்கலுக்கு முன்னால் அத்தை பரணைக் காலி செய்யப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் பூட்டி வையுங்கள். சாவியை அம்மாவிடம் மட்டும் கொடுக்காதீர்கள். லீவுக்கு வரும்போது நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்