தலைவரே, புதுப் பையனைச் சேர்ப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்தைப் பெயராகச் சூடிய மாணவர் சங்கமான 'ஃபிரட்டர்னிட்டி' ஒன்றுக்குத் தலைவராகியிருக்கிறீர்கள். புதுப் பையன்களைக் கொடுமையே இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். யோசனை இதோ.

முதலில் பெயரை மாற்றுங்கள். நள்ளிரவில் எழுப்பி நிலவறையில் நிற்கவைப்பதை அட்டவணையில் 'தலைமைப் பயிற்சி' என்று எழுதலாம். 2017இல் லூசியானாவில், தப்பாகப் பதில் சொன்னவன் வாயில் மதுவை ஊற்றும் விளையாட்டுக்கு 'பைபிள் வகுப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். பெயரில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து, விதிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து மாட்டுங்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் பென்சில்வேனியாவில் நடந்ததும் மது கூடாது என்ற ஃபிரட்டர்னிட்டி வீட்டில்தான், கேமராக்கள் வேறு. குடிக்கவைக்கப்பட்ட பையன் நிலவறைப் படியில் உருண்டான். தூக்கி சோபாவில் போட்டார்கள். புரண்டு படுத்து வாந்தியில் மூச்சடைக்கக் கூடாதே என்று, புத்தகம் திணித்த பையை முதுகில் மாட்டிவிட்டார்கள். அக்கறைக்குப் பஞ்சமில்லை. அவசர உதவி எண்ணான 911க்குப் போன் போகத்தான் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆயிற்று. அவன் பிழைக்கவில்லை.

'நாங்கள் படாததா?' என்று பழைய உறுப்பினர்கள் கேட்பார்கள். மாமியாரிடம் பட்டதை மருமகளிடம் தீர்த்துக்கொள்ளும் கணக்கு அது. தலையாட்டிவிட்டு நகருங்கள்.

நிஜமாகவே கொடுமை வேண்டாம் என்றால், வாரக்கணக்கில் வாசலில் நிறுத்திவைக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டியிருக்கும். சிக்மா ஆல்ஃபா எப்சிலான் என்ற ஃபிரட்டர்னிட்டி 2014இல் அதைத்தான் அறிவித்தது: அழைப்பை ஏற்றவன் 96 மணி நேரத்துக்குள் முழு உறுப்பினர். உள்ளே விடுவார்களா என்று தவிப்பவன்தானே சொன்னதையெல்லாம் செய்வான்? ஓட்டுரிமை வந்துவிட்டவனைப் பாத்திரம் கழுவச் சொல்லிப் பாருங்கள். முறை போட்டுக் கழுவலாமே என்பான். சங்கடம்தான்.

(தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில், கல்லூரிகள் இந்தச் சம்பவங்களைக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்ற மத்தியச் சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தானது. அதற்காக நம் விடுதிகளெல்லாம் சுத்தம் என்று யாரும் காலரைத் தூக்கிவிட வேண்டாம்.)

இதில் எதையும் செய்ய மனமில்லையென்றாலும் ஒன்றைச் செய்யுங்கள், தலைவரே. ஒருவன் மயங்கி விழுந்தால் பையைத் தேடாதீர்கள், போனை எடுங்கள். 911ஐக் கூப்பிட்டு, பெயரைச் சொல்லி, உதவி வரும்வரை அவனோடே இருப்பவருக்குப் பென்சில்வேனியாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது.