வான்வழிக் கிளாக்கர்

இதுவரை விமானம் ஏறாதவன் நான். ஆனாலும் கரவனெல்லயில் யாருடைய பிள்ளை வெளிநாடு போனாலும் தூரமும் நேரமும் சொல்கிற உத்தியோகம் என்னுடையது. யாரும் கொடுத்ததல்ல. றப்பர் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராகப் பால் கணக்கு எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மெல்பேர்னிலிருந்து மச்சான் வரப்போகிறார் என்றதும் வீட்டில் எல்லாரும் பலகாரக் கணக்குப் போட்டார்கள். நான் பேத்தியின் உலக உருண்டையில் நூல் பிடித்தேன். படத்தில் ஸ்கேல் வைத்தால் பொய் சொல்லும். உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால்தான் குறுக்குவழி தெரியும். கொழும்புக்கும் மெல்பேர்னுக்கும் சுமார் 8,350 கிலோமீட்டர். போக ஏறக்குறைய பத்தரை மணி நேரம். வரும்போது தெற்கே மேற்குக் காற்று எதிர்த்து அடிப்பதால் கொஞ்சம் கூடும்.

"அப்ப தம்பி எத்தனை மணிக்கு எறங்குவான்?" என்றாள் மனைவி.

"அங்கே கோடையா, குளிரா? குளிரென்றால் நம்மைவிட நாலரை மணி முன்னுக்கு. கோடையென்றால் ஐந்தரை…"

அவள் தம்பிக்கே போன் போட்டுக் கேட்டுக்கொண்டாள்.

விடுவேனா? யுத்த காலத்துக்குப் போனேன். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழ, அவுஸ்திரேலியாவின் விமானப் பாதை அறுந்தது. அடுத்த வருடம் குவாண்டாஸ்காரர்கள் பேர்த்திலிருந்து நம் காலிக்குப் பக்கத்துக் கொக்கல வாவிக்குக் கட்டலினா கடல் விமானம் விட்டார்கள். எங்கும் நிற்காமல் 5,600 கிலோமீட்டருக்கு மேல். 27 முதல் 33 மணி நேரம். எதிரி ஒட்டுக்கேட்பான் என்று ரேடியோவை அடக்கி, நட்சத்திரம் பார்த்து வழி பிடித்தார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தரம் உதிக்கும். அதைக் கண்டவருக்குச் சான்றிதழ் வேறு! எரிபொருள் பாரத்தில் மூன்று பயணிகளுக்குமேல் ஏற்ற முடியாது.

"மூணு பேர்தானா? நம்ம வேன்ல பதினாலு பேரு," என்றாள்.

கட்டுநாயக்க விமான நிலையம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள்தான். மச்சானின் விமானத்துக்கு அது ஏழு நிமிட வேலை. நாங்கள் நடுச்சாமத்தில் கிளம்பினோம். அவிசாவளையில் மாமியாருக்குப் பிளேன்ரீ, ஹங்வெல்லயில் பேரனுக்கு வாந்தி, கடுவெலயில் வீட்டைப் பூட்டினோமா என்ற சந்தேகம். பூட்டியது நான் என்பதால் அந்தச் சந்தேகம் எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது.

எப்படியோ போய்ச் சேர்ந்தோம். வெளியே வந்த மச்சான் பெட்டிகளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "மச்சான், வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம்?"

என் துறைக் கேள்வி! தொண்டையைச் செருமினேன். அதற்குள் மனைவி சாரதியைக் கேட்டுவிட்டாள்.

"அவிசாவளைக்குப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன், அம்மா," என்றார் அவர்.

அந்தப் பதில் எல்லாருக்கும் திருப்தியாக இருந்தது.