அத்தை டீம் மாறமாட்டாலே

எலே தம்பி, இப்படி உக்காரு. காதுல கிடக்குத இயர்போனைக் கழத்து. ரெண்டு வார்த்தை சொல்லுதேன்.

விடியக்காலம் குழாய்ல தண்ணி வருத நேரம். ஒங்கம்மா தாராவி சந்துல குடத்தோட நிக்கா. நீ என்னடான்னா நீலப் பனியனைப் போட்டுக்கிட்டு, போர்வைக்குள்ள போனை வச்சு "டியூக்! டியூக்!"ங்குத. யாருலே அவன்? கேட்டா, அமெரிக்காவுல வட கரோலினா காலேஜாம். கூடைப்பந்துல கொம்பனாம். நீ மாட்டுங்காவுல மூணு வருசம் படிச்சியே, அந்தக் காலேஜு டீமுல ஒருத்தன் பேரு சொல்லு பாப்போம்? தலையைச் சொறியுத.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காத. 1891-ல நெய்ஸ்மித்னு ஒரு வாத்தியார், குளிர்காலத்துல பயலுவ சும்மா கிடக்க மாட்டங்கானுவன்னு, ரெண்டு பழக்கூடையை உசரத்துல அடிச்சு மாட்டி ஆரம்பிச்ச வெளாட்டு. கூடைக்கு அடியில ஓட்டை கிடையாது. பந்து விழுந்தா ஏணி போட்டு ஏறி எடுக்கணும். அதுக்குத்தான் இப்போ விசுவாசம், பாரம்பரியம்னு பெரிய பெரிய பேச்சு!

டியூக்குக்கும் எதிராளி சாப்பல் ஹில் காலேஜுக்கும் நடுவுல 16 கிலோமீட்டர் இருக்குமாம். அந்த ஆட்டத்தைப் பாக்க டியூக் பயலுவ வாரக்கணக்குல கூடாரம் போட்டுக் குளிர்ல படுத்துக் கிடக்கானுவ. சரி, அவன் படிக்குத காலேஜு, அவன் படுக்கான். ஒனக்கு என்னலே வந்துச்சு? ரெண்டு காலேஜுக்கும் நெறம் வேற நீலந்தானாம். எவன் எவன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கியோ.

அதுவும் யாருக்காக? நல்லா ஆடுதவன் ஒரே வருசத்துல பெரிய லீக்கு என்.பி.ஏ.வுக்கு ஓடிருதான். 2021-லருந்து விளம்பரக் காசும் வாங்கலாம், வேற காலேஜுக்குத் தாவி மறுவருசமே ஆடவும் செய்யலாம். அவனே நிலையா நிக்க மாட்டங்கான். நீ அந்தப் பனியனைத் துவைக்கவே விடமாட்டங்குத. ராசியாம்!

செம்பூர்ல ஒன் அத்தை இருக்கா. அவ டீம் மாறவே மாட்டா. சயான்ல ஏறு, குர்லாவுல ஹார்பர் வண்டிக்கு மாறு. திலக் நகர் தாண்டுனா செம்பூர். நான் சொன்ன 16 கிலோமீட்டர்ல பாதிகூட வராது. போவச் சொன்னா, "மெகா பிளாக் தாத்தா"ங்குத. தண்டவாள வேலைன்னு வண்டியை நிறுத்துதது ஞாயித்துக்கெழமைதாம்லே. சனிக்கெழமைக்கு என்ன கொள்ளை?

போன பொங்கலுக்குப் போன லட்சணத்தைத்தான் பாத்தேனே. செருப்பைக் கழத்துததுக்கு முன்னாலயே வை-ஃபை பாஸ்வேர்டு கேட்ட. அவ காலையிலருந்து தேங்காயைத் துருவி, முதப்பால், ரெண்டாம்பால், மூணாம்பால்னு பிழிஞ்சு சொதி வச்சிருக்கா. தொட்டுக்க இஞ்சிப் பச்சடி. நீ ஒரு கையால பிசையுத, மறுகையில போனு. "எப்படிய்யா இருக்கு?"ன்னு கேக்கா. "டிபென்ஸ் சரியில்ல"ங்குத! பாவம், அவ தேங்காய்க்காரனை வஞ்சா.

பந்து மேல அம்புட்டு ஆசைன்னா மும்பையில பஞ்சமா? மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானாவுல பயலுவ ஆடுதானுவ, போய்ப் பாரு. நாக்பாடாவுல வளந்த அப்பாஸ் முன்தாசிர் இந்தியாவுக்கே கேப்டனா இருந்தாரு, அர்ஜுனா விருது வாங்குனாரு. அவரைத் தெரியுமாலே? 2019 அக்டோபர்ல என்.பி.ஏ. டீமு சாக்ரமென்டோக்காரனும் இண்டியானாக்காரனும் வொர்லிக்கே வந்து ஆடிட்டுப் போனானுவ. அவன் ஏழு கடல் தாண்டி வருதான். நீ குர்லாவுல வண்டி மாற மாட்டங்குத.

வருத சனிக்கெழமை போ. மாட்டுங்கா மார்க்கெட்டுல ரெண்டு முழம் மல்லிப்பூ வாங்கிக்க. வெறுங்கையோட போவாத. சாப்பிட்டு முடிச்சதும் செம்பூர் மாமா கல்யாண ஆல்பத்தை எடுப்பாரு. ஒங்க காலேஜு ஆட்டம் நாப்பது நிமிசத்துல முடிஞ்சிரும். இது முடியாது. நடுவுல டைம்-அவுட் கேட்டுராத.