தோல்வினைக் கருவிகளுக்கான அக்கினி நிர்ணயம்

தருக்கம் பயிலப் புகுந்தவர் எவராயினும், காசியில் பயின்றாலும் காஞ்சியில் பயின்றாலும், முதற்பாடத்திலேயே ஒரு மலையைப் பார்த்தாக வேண்டும். அம்மலையில் புகை எழவேண்டும். புகை எழுவதால் அங்கே நெருப்பு உண்டென்று அவர் அனுமானித்து, ஆசிரியரின் திருவுள்ளத்தை மகிழ்விக்க வேண்டும். அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தில் பெயரின்றி நிற்கும் அந்த மலைக்கு, சிவஞான முனிவர் அந்நூலைத் தமிழில் தந்தபின்னரும் ஊரோ பேரோ வாய்த்தபாடில்லை. எனவே அது ஜவ்வாது மலையே என்று கொள்வதற்குத் தடையொன்றும் இல்லை என்பது இக்கட்டுரையின் முதற் பிரதிக்ஞை. ஜமுனாமரத்தூரில் ஒரு மழைக்கால விடியற்பொழுதில் அடுப்பு மூட்டப்படுவதைக் கண்டவர்கள் இதற்கு வேறு சான்று கேட்க மாட்டார்கள்.

நிற்க. நாம் ஆராயப் புகுந்தது மலையின் நெருப்பையன்று, மலைமேல் இருந்து தோல்வார் செய்யும் ஒரு தொழிலாளியின் கையிலுள்ள இரும்பை எந்த நெருப்பில் காய்ச்சுவது என்பதை. இடுப்பு வாரின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடொன்று ஓடுவதை, அந்த வாரை நாள்தோறும் கட்டுகிறவர்கூடக் கவனிப்பதில்லை. சாண் நீளமுள்ள ஓர் இரும்பை அளவாகச் சூடேற்றி, சற்றே ஈரம் காட்டிய தோலின் விளிம்பில் அழுத்தி இழுப்பதனால் விழுவது அது. சூட்டில் நார்கள் இளகி அமுங்கி, அமுங்கியபடியே ஆறி நிலைத்துவிட, கோடு ஒரு சாயல் கருத்து மினுமினுக்கும். விளிம்பில் தேன்மெழுகை உருக்கி ஏற்றுவதும் இதே இரும்பின் கைங்கரியந்தான். சூடு குறைந்த இரும்பு இட்ட கோடு நாளடைவில் மங்கிவிடும். சூடு மிகுந்த இரும்பு இட்ட கோடு ஒருநாளும் மங்காது, ஆனால் அந்த வாரை வாங்குவாரும் இருக்கமாட்டார்.

மலையடிவாரத்துக்கு அப்பால் பாலாற்றங்கரையில் வாணியம்பாடியும் ஆம்பூரும் இராணிப்பேட்டையும் தோலாலேயே பெயர் பெற்ற ஊர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் வித்தை நெடுங்காலமாக இந்நாட்டில் வழங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் குரோம் பதனீட்டைப் பழக்கினார். 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் சென்னையில் எழுந்தது. இவ்வளவு பெரிய தொழிலில், ஒரு சாண் இரும்பின் சூடு என்னும் பிரச்சினை மட்டும் அதைப் பிடித்திருப்பவன் தலையிலேயே விடப்பட்டிருக்கிறது. குரோம் தோலோ நன்கு பதப்பட்டதாயின் கொதிநீரையும் தாங்கும். ஆனால் இட்ட கோட்டை அது மறந்துவிடும் சுபாவமுடையது. பட்டையில் பதனிட்ட தோல் கோட்டை மறவாது. எனினும் நன்றாய் நனைந்திருக்கையில் ஏறக்குறைய 70 முதல் 85 டிகிரிச் சூட்டிலேயே சுருங்கத் தொடங்கும். ஈரம் நொடிப்பொழுதுதான், தொடுகை நொடிப்பொழுதுதான் என்பதால் இரும்பு இதைவிடச் சற்று மிகுந்து காய்ந்திருக்கலாம். மிக அதிகம் கூடாது. இந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான் நம் வாதிகள் அனைவரும் நின்று சண்டையிட வேண்டியிருக்கிறது.

முதலில் வருபவர் விறகுவாதி. அவர் பக்ஷத்துக்குத் தொன்மை உண்டு, செலவின்மை உண்டு. ஆனால் தருக்க நூலார் மற்றொன்றையும் சொல்லியிருக்கிறார்கள்: புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டேயன்றி, நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டென்பதில்லை, இதற்கு அவர்கள் காட்டும் சாட்சி, என்ன பொருத்தம் பாருங்கள், காய்ந்த இரும்பு! இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அப்படியாயின் புகை எதனால் வருகிறது? ஈர விறகின் சேர்க்கையால் வருகிறது. அதற்கு உபாதி என்று பெயர். ஐப்பசி கார்த்திகையில் இம்மலையில் விறகு முழுவதும் உபாதியே. அந்த உபாதி இரும்பில் கரியாய்ப் படிந்து, இரும்பிலிருந்து தோலுக்கு ஏறி, வாரை வாங்கியவரின் வெள்ளைச் சட்டையில் சென்று முடியும். காய்ந்த சந்தனக் கட்டையில் இக்குற்றம் இராதே என்று ஒரு துணைவாதி குறுக்கிடக்கூடும். இம்மலைச் சந்தனத்தின் கீர்த்தியை வனத்துறையார் நம்மினும் நன்கறிவர் என்பதால் அந்த வாதத்தை நாம் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

கரிவாதியார் புகையை வென்றவர். ஆனால் அவருடைய கனலில் இரும்பைச் செருகிவிட்டு ஒரு வெற்றிலை போட்டுத் திரும்பினால் இரும்பு சிவந்திருக்கும். இரும்பு மங்கலாகச் சிவக்கவே 500 டிகிரிக்கு மேல் வேண்டும். தோல் கருக அதில் பாதி சூடுகூட வேண்டியதில்லை. கரியின் குற்றம் நெருப்பில் இல்லை, வெற்றிலையில் இருக்கிறது என்று அவர் விடையிறுப்பாராயின், வெற்றிலை போடாத தொழிலாளியை அவர்தாம் கண்டுபிடித்துத் தர வேண்டும்.

தீபவாதியின் கதை வேறு. மெழுகுவர்த்தியானாலும் மண்ணெண்ணெய் விளக்கானாலும் அதன் சுடர் மஞ்சளாய்ப் பிரகாசிப்பது அதனுள் எரியாது கனலும் கரித்துகள்களால்தான் என்பதை, 1860-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு விளக்கினார். அச்சுடருக்குள் குளிர்ந்த இரும்பை நீட்டினால் அத்துகள்கள் ஒளிர்வதை விட்டு இரும்பில் வந்து குடியேறுகின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னே துணியால் துடைத்துக்கொள்ளலாமே என்பது தீபவாதியின் சமாதானம். துடைத்து முடிவதற்குள் மெல்லிய இரும்பு ஆறிவிடும். ஆறியதை மீண்டும் காட்டினால் மீண்டும் கரி ஏறும். இது அனவஸ்தை என்னும் தோஷம்.

ஸ்பிரிட்வாதி இந்தச் சபையில் மிக நாகரிகமானவர். அவருடைய விளக்கில் கரி இல்லை, புகை இல்லை, நாற்றமும் அதிகமில்லை. வெயில் அடிக்கும் திண்ணையில் சுடரே கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், பிரத்தியக்ஷப் பிரமாணம் தவறிப்போய் விரல் சுட்டுக்கொள்வது உண்டு. ஆயினும் தத்துவத்தில் அவரை மறுப்பது கடினம். அவரை மறுப்பது தத்துவம் அன்று, சாலை. 1937-ல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கிவைத்த மதுவிலக்கின் வழிவந்த சட்டங்கள் உள்ள நாட்டில், ஒரு புட்டி ஸ்பிரிட்டோடு மலையேறுகிறவர், அது வாருக்குக் கோடு போடுவதற்கு என்று வழியில் நிறுத்தியவருக்கு விளக்க வேண்டியிருக்கும். அந்த விளக்கம் உண்மையாய் இருப்பதே அதன் பெரிய பலவீனம்.

மின்வாதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலை அவர் காட்டுகிறார். அது 300 டிகிரி அளவில் வேலை செய்யப் பிறந்தது. சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி உண்டென்கிறார்; உண்டுதான், காற்றும் மழையும் கம்பிகளை விட்டுவைத்திருக்கும் நாட்களில்.

இனி, சூட்டை அளப்பது எவ்வாறு? ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் மட்பாண்டக்காரர் சூளையின் சூட்டை அளக்க, சுருங்கும் களிமண் துண்டுகளைக் கொண்ட ஒரு கருவியை 1782-ல் வெளியிட்டார். இதே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தார் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த நேரத்தில், அந்தக் கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதன் தடயத்தைப் பதிவு செய்தார்கள். அத்தகைய மலையில் ஒரு சாண் இரும்பின் சூட்டை அறிய ஒரு முறை இல்லாமற் போகுமா? முதிர்ந்த தொழிலாளி ஒருவர் ஈரத் தோல்துணுக்கில் இரும்பைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்: "தண்ணி கத்தக் கூடாதுங்க ஐயா, முனகணும்." கத்தலுக்கும் முனகலுக்கும் எல்லை வகுக்கும் நூல் நம் கைக்கு எட்டவில்லை, அவர் காதுக்கு நூல் தேவைப்படவும் இல்லை.

ஆகவே இக்கட்டுரையாளரின் சித்தாந்தம் வருமாறு. நமக்கு வேண்டியது சூடு தரும் பொருளன்று. சூட்டை மிகாமல் தடுக்கும் பொருள். அது கொதிநீர். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில் இரண்டு மூன்று டிகிரி முன்னதாகவே கொதித்துவிடும். எத்தனை விறகை இட்டாலும், மூடாத பாத்திரத்தில் அதற்குமேல் ஏறாது. தேன்மெழுகு உருக 65 டிகிரியே போதும். ஈரத் தோலும், தாமதிக்காத கையும் கூடினால் கோட்டுக்கும் அது போதும். புகையும் கரியும் பாத்திரத்தின் மறுபுறத்தோடு நின்றுவிடுகின்றன; வெற்றிலைக்கும் இடமுண்டு. இத்தகைய கொதிநீர் விடியல் முதல் இரவு வரை இடையறாது கிடைக்கும் இடம் டீக்கடை பாய்லர். அதன் மூடியோரத்து இடுக்கில் இரும்பைச் செருகி வைத்தால், வேண்டும்போது எடுத்து, துடைத்து, இழுக்கலாம்.

இதற்கு எழுந்த ஒரே ஆக்ஷேபம் கடைக்காரரிடமிருந்து வந்தது. ஆட்டுத்தோலில் ஊர்ந்த இரும்பு தம் பாய்லரில் நுழையக் கூடாது என்று அவர் முதலில் சொன்னார். இரும்பு நீருக்குள் போவதில்லை, ஆவியில்தான் நிற்கிறது என்று நிரூபித்தபின், இரும்பு ஒவ்வொரு தடவை காயும்போதும் ஒரு டீ வாங்கியாக வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார். ஒரு வாருக்கு இரும்பு பலமுறை காய வேண்டும். தொழிலாளிக்கு அத்தனை டீ ஆகாது என்பதால், மீதத்தைக் குடிப்பதற்குத் தருக்கம் பயின்ற இருவர் இப்போது அந்தக் கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். காசு யார் தருவது என்பதில் மட்டும் இன்னும் கருத்து வேற்றுமை இருக்கிறது.