கட்டிலுக்கு யாரு வாடகை கட்றது?

வா ராசா, குந்து. ஏன் நின்னுக்கினே கீற? ஓ, உன் வூட்டுல நின்னு நின்னு பழகிடுச்சா.

போன ஞாயித்துக்கெழம கிருஷ்ணமூர்த்தி நகர்ல உன் புது வூட்டப் பாக்க வந்தேனே, அசந்துட்டேன். பால் காய்ச்சி மூணு மாசம் ஆவல. அதுக்குள்ள ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆவற சாமான சேத்துப்புட்ட. கெட்டிக்காரன். வாசல்ல செருப்ப வுட்டுட்டு ஒரு கால உள்ள வெச்சேன், அது நேரா கட்டில் மேல போயி நின்னுது. "உள்ள வாங்க தாத்தா"ன்றா உன் பொண்டாட்டி. எங்கம்மா உள்ள வர்றது, எனக்கு முன்னாடி கட்டில் வந்து படுத்துக்கினு கீதே! சோபாவுல ஏறி, அந்தாண்ட எறங்கி, பீரோவுக்கு ஒரு கும்பிடு போட்டு, நண்டு மாரி பக்கவாட்டுல நடந்து போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். சோபா மட்டும் நல்லா தான் கீது. முட்டிக்கு இதமா இருந்துச்சி. அத அப்பால பேசலாம்.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். நீ தான் படிச்சவனாச்சே. வூடு 200 சதுர அடி, வாடகை 6,000. அடிக்கு 30 ரூபா ஆவுதா? ஆறுக்கு ஆறரை கட்டில் 39 சதுர அடி. அது மாசாமாசம் 1,170 ரூபா எடத்துல குடியிருக்குது. சோபா 20 அடி, அது ஒரு 600. அட்வான்ஸ் குடுத்தது நீ, வாடகை கட்றது நீ, தவணை கட்றதும் நீ. ஒண்டுக் குடித்தனம் இருக்கறது அதுங்க இல்லடா, நீயும் உன் பொண்டாட்டியும் தான். பத்துக்குப் பத்து ரூம்புல கட்டிலும் சோபாவும் போவ, பீரோவுக்கு ஒரு அஞ்சு அடி, கதவு தொறந்து மூட ஒரு அஞ்சு அடி போனா உங்க ரெண்டு பேருக்கும் மிச்சம் 31 அடி. சண்ட போட்டா மூஞ்சியத் திருப்பிக்கக் கூட எடம் இல்ல. அதனால ஒத்துமையா கீறீங்க. நல்லது தான்.

காலி பண்ணுன்னு கட்டில்கிட்ட சொல்லவும் முடியாது. கழட்டி எடுத்தாந்து உள்ள வெச்சி மாட்டினாங்களாமே.

எங்க செய்யாறு பக்கம் பாய்னு ஒண்ணு இருந்துச்சி. ராத்திரி ஷிப்டு ஆளு. விடிஞ்சா சுருட்டிக்கினு மூலையில நின்னுக்கும். கட்டில் அப்படியா? பர்மனெண்ட் ஆபீசரு. பகல் பூரா வேலை இல்ல, ஆனா சீட்ட வுட்டு எழுந்திருக்காது. கொழந்தைக்குத் தூளி, மேல தொங்கும். நெய்யி, மோருக்கு உறி, அதுவும் மேல. தவசம், பருப்பு, புளிக்கு அடுக்குப் பானை. பத்து பானைக்கு ஒரு பானையோட எடம் தான் தரையில. எங்க ஆத்தா அடிப்பானையில இருந்து எதையாச்சும் எடுக்கணும்னா ஒம்போது பானைய எறக்கணும். அந்த சோம்பல்லயே எவனும் அங்க கை வெக்க மாட்டான். காசு எங்க இருந்திருக்கும்னு இப்ப புரியுதா? தரை மனுஷனுக்கு, சுவரும் கூரையும் சாமானுக்குன்னு எவனும் போர்டு எழுதி வெக்கல. கால்ல இடிச்சிக்கினா தானா தெரிஞ்சிடும்.

உன் வூட்டுக்கு வா. தரையில கால் வெக்க எடமில்ல, சுவரு மட்டும் வழுக்க மண்டையாட்டம் பளபளன்னு கீது. கேட்டா, ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கக் கூடாதுன்னுட்டாராம். சரி, ஆணி வேணாம். ஜன்னல் கம்பி கீது, கதவுக்குப் பின்னால எடம் கீது, பரண் கீது. பரண்ல இன்னா வெச்சிக்கிற? டிவி வந்த அட்டப்பெட்டி, பிரிட்ஜி வந்த அட்டப்பெட்டி, மிக்சி வந்த அட்டப்பெட்டி. காத்த பேக் பண்ணி பத்திரமா வெச்சிக்கினு, அரிசி மூட்டைய நடு வூட்டுல போட்டுக்கற.

உன்ன மட்டும் சொல்லி இன்னா பண்றது? 1970ல குடிசை மாத்து வாரியம் வந்துச்சி. எங்க மாமன் மவனுக்கு வியாசர்பாடியில வாரிய வூடு ஒண்ணு கெடச்சிது, இருநூறு சில்லறை சதுர அடி. ஆறு பேரு. ஆம்பளைங்களுக்கு ராத்திரி மாடிப்படி தான் படுக்கை, படிக்கு ஒரு ஆளு. நடுவுல எவனாச்சும் ஒண்ணுக்குப் போவணும்னா தாண்டித் தாண்டி எறங்கணும். 2006ல கவுருமெண்டு கலர் டிவி குடுத்துச்சி, 14 இன்ச்சி, பின்பக்கம் கர்ப்பிணியாட்டம் தள்ளிக்கினு இருக்கும். 2011ல வந்தவங்க மிக்சி, கிரைண்டரு, பேன் குடுத்தாங்க. எல்லாத்தையும் வாங்கி உள்ள வெச்சான், வூட்டுக்காரன் வெளிய வந்துட்டான். எந்தக் கட்சியும் ஒரு பரண் குடுக்கறேன்னு சொல்லல பாரு. 2021ல வாரியத்துக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர மாத்தினாங்க. புதுசா கட்றது 400 சதுர அடிய ஒட்டி வருது, ஒத்துக்கறேன். மாமன் மவன் வூட்டுக்கு மட்டும் பேரு தான் நீண்டுது.

எடம் பத்தாதவன் இன்னா பண்ணுவான்? வேண்டாதத பரண்ல போடுவான். அந்த சூட்சுமம் மெட்ராஸ்காரனுக்கு நல்லா தெரியும். ஊருக்கே பரண் நம்ம கொடுங்கையூரு குப்பமேடு தான்டா. 300 ஏக்கருக்கு மேல பரண்! தெக்கத்திக் குப்பை பெருங்குடிக்கு, வடக்க இருக்கறது அண்ணா நகரு வரைக்கும் நம்மகிட்ட. நாப்பது வருசமா அவன் வூட்ட ஒழிக்கறான், நாம மோந்து பாக்கறோம். இப்ப மாநகராட்சி அந்தப் பரண ஒழிக்குது. அதுல 252 ஏக்கர்ல 66 லட்சம் டன்னுக்கு மேல பழைய குப்பை. நோண்டி, காய வெச்சி, பெரிய பெரிய சல்லடையில போட்டு சலிச்சி மண்ணு தனி, கல்லு தனி, பிளாஸ்டிக்கு தனின்னு பிரிக்கறாங்க. பிளாஸ்டிக்கு சிமெண்டு பேக்டரிக்கு எரிக்கப் போவுது. செலவு 640 கோடி. ஒழிக்கறதுக்கு வாங்கறத விட செலவு ஜாஸ்தின்றத உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. வேணாம், நான் சொன்னேன்னு சொல்லாத.

கட்டில ரொம்ப ஏசிட்டேன். ஒரு உண்மையும் சொல்லிப்புடறேன். 2015 டிசம்பர்ல வெள்ளத் தண்ணி உள்ள வந்துச்சே, எங்க வூட்டுப் பாயி அத்தினியும் மொத ராத்திரியே மொதந்துக்கினு தெருவுக்குப் போயிடுச்சி. நானும் உங்க ஆயாவும் பழைய இரும்புக் கட்டில் மேல ஸ்டூலப் போட்டு ரெண்டு நாளு குந்தினு இருந்தோம். ரேசன் கார்டு, ஓட்டு கார்டெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல கட்டிப் பரண்ல இருந்ததால தப்பிச்சிது. 2023ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் இதே கதை. ஆனா அது ரெண்டரை அடி அகலக் கட்டில்டா. உன்னுது மாரி கப்பல் இல்ல. பகல்ல அடியில குடம் எட்டு நிக்கும், வெங்காயக் கூடை நிக்கும், உங்க ஆயா கோவம் வந்தா நானும் படுத்துக்குவேன்.

அதனால பெரிய கட்டில மறுபடி கழட்டிக் குடுத்துட்டு சின்னதா ஒண்ணு வாங்கு. அட்டப்பெட்டிய காயலான் கடையில போடு. அரிசி மூட்டையப் பரண்ல ஏத்து. பீரோ மூலைக்குப் போவட்டும்.

சோபாவ மட்டும் காயலான் கடைக்குப் போட்டுடாத. அநியாயம், புதுசு. எங்க மாடிப்படிக்குக் கீழ ஆறடி எடம் சும்மா தான் கெடக்குது, நேத்தே நூல் புடிச்சி அளந்து வெச்சிட்டேன். ஞாயித்துக்கெழம காலையில மீன்பாடி வண்டிக்குச் சொல்லிட்டேன். நீ ஒரு கை புடிச்சா போதும்.